கோடி கொடுத்தது லாபமா, நஷ்டமா? வீரர் ஏலத்துக்கும் பரிமாற்றத்துக்கும் ஒரு கணக்குப் பார்வை



ஐ.பி.எல். ஏலம் முடிந்த மறுநாள் ஷார்ஜாவில் கஃபடீரியாவில் நின்றாலும், முஸஃபாவில் கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் ஒரே பேச்சுதான். "இத்தனை கோடி கொடுத்து இவரையா வாங்கினார்கள்?" சீசன் முடிந்த பிறகு அதே பேச்சு இன்னும் காரமாகத் திரும்பி வரும். "நான்தான் அன்றைக்கே சொன்னேனே!" என்று சொல்லாதவர் எவரும் இல்லை. யாரை வாங்கியது வெற்றி, யாரை வாங்கியது தோல்வி என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்போம்.

இந்த ஏலம் நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. 2023 டிசம்பர் 19 அன்று துபாயில், 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் சவூதியின் ஜித்தாவில், 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் என்று மூன்று முறை தொடர்ந்து வளைகுடாவிலேயே நடந்தது. 2020ஆம் ஆண்டுப் போட்டி முழுவதும், 2021ஆம் ஆண்டுப் போட்டியின் பிற்பகுதியும் நம் அமீரக மைதானங்களில் நடந்தன. ஆகவே நமக்குத் தெரிந்த ஊர்களில், நம் கண் முன்னால் நடந்த உதாரணங்களை வைத்தே இந்த மாதம் பேசலாம்.

கேள்வி இதுதான்: ஒரு வீரரை வாங்கியதோ, விற்றதோ, மாற்றிக் கொண்டதோ சரியான முடிவா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? கணக்கு எழுதிப் பிழைக்கிற எங்களுக்கு இது பழகிய கேள்வி. ஒரு முதலாளி ஒரு மெஷின் வாங்குகிறார். வருடக் கடைசியில் அது லாபமா, நஷ்டமா என்று எங்களிடம் கேட்பார். உடனே பதில் சொல்லிவிட மாட்டோம். முதலில் சில கேள்விகளைத் திருப்பிக் கேட்போம். அந்தக் கேள்விகளை அப்படியே கிரிக்கெட்டுக்குக் கொண்டு வருவதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

வாங்கும் வழிகள் இரண்டு

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஓர் அணி வீரரைப் பெற முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, ஏலம். மற்றொன்று, அணிகள் தங்களுக்குள் பேசி முடிக்கும் பரிமாற்றம். நம் ஆட்கள் 'டிரேட்' என்று சொல்வது இதைத்தான். பரிமாற்றத்தில் வீரருக்கு வீரர் கொடுக்கலாம், வெறும் பணமாகவும் கொடுக்கலாம். இதற்கு ஒரு கெடு தேதி உண்டு. கெடு நெருங்க நெருங்கப் பேரம் சூடு பிடிக்கும்.

இரண்டு வழிக்கும் பொதுவானது 'பர்ஸ்', அதாவது ஓர் அணி வீரர்களுக்காகச் செலவு செய்யக்கூடிய மொத்தத் தொகை. 2021இல் அது 85 கோடி ரூபாய், 2024இல் 100 கோடி, 2025இல் 120 கோடி. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. அதனால்தான் இங்கே ஒவ்வொரு கோடிக்கும் இரண்டு விலை. ஒன்று, கொடுத்த பணம். இரண்டு, அந்தப் பணத்தால் வாங்கியிருக்கக் கூடிய வேறொரு வீரர். இதை மனதில் வைத்துக் கொண்டால் பாதிக் கணக்கு புரிந்துவிடும்.

கேள்வி 1: எந்தத் தேவைக்காக வாங்கினார்கள்?

2021 ஜனவரியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ராஜஸ்தான் ராயல்ஸ் அணியிடமிருந்து ராபின் உத்தப்பாவைப் பரிமாற்றத்தில் பெற்றது. பதிலுக்கு வீரர் யாரும் போகவில்லை. முழுக்கப் பண ஒப்பந்தம்தான். உத்தப்பாவுக்கு அப்போது 35 வயது. அந்த சீசனில் லீக் ஆட்டங்கள் ஏறக்குறைய முடியும் வரை அவர் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். வாய்ப்பு வந்த கடைசி இரண்டு லீக் ஆட்டங்களில் எடுத்த ரன்கள் 19, 2. அந்த இடத்தில் கணக்கை மூடியிருந்தால் 'வீண் செலவு' என்றுதான் எழுதியிருப்போம்.

அடுத்து நடந்தது துபாயில். அக்டோபர் 10 அன்று டெல்லிக்கு எதிரான முதல் தகுதிச் சுற்றில் 44 பந்துகளில் 63 ரன். அக்டோபர் 15 அன்று கொல்கத்தாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 15 பந்துகளில் 31 ரன். சென்னை 27 ரன் வித்தியாசத்தில் வென்று கோப்பையை எடுத்தது. உத்தப்பா அந்த ஆண்டு ஆடியது மொத்தம் 4 ஆட்டங்கள், எடுத்தது 115 ரன்.

115 ரன்னை மட்டும் பார்த்தால் இது ஒரு தோல்வி. தேவையைப் பார்த்தால் படம் மாறுகிறது. அணிக்குத் தேவைப்பட்டது தினமும் ஆடும் ஆள் அல்ல. சுரேஷ் ரெய்னாவுக்கு ஏதாவது ஆனால், பெரிய ஆட்டத்தில் பதறாமல் இறங்கக்கூடிய அனுபவசாலி ஒருவர் கையிருப்பில் இருக்க வேண்டும். ரெய்னா காயம்பட்டார், உத்தப்பா இறங்கினார். ஜெனரேட்டர் வாங்கி வைப்பது போல. வருடம் முழுக்க ஓடவில்லையே என்று ஜெனரேட்டரைக் குறை சொல்லக் கூடாது. கரண்ட் போன அன்று ஓடியதா என்பதுதான் கேள்வி.

கேள்வி 2: விலையை எதோடு வகுப்பது?

துபாய் ஏலத்தில் கொல்கத்தா அணி மிட்செல் ஸ்டார்க்கை 24.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 1 கோடியே 9 லட்சம் திர்ஹம். 100 கோடி பர்ஸில் ஏறக்குறைய கால்பங்கு ஒரே ஆளுக்குப் போய்விட்டது. 2024 சீசன் தொடங்கியதும் முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் 8 ஓவர் வீசி 100 ரன் கொடுத்தார். விக்கெட் ஒன்றுகூட இல்லை. கேலிக்குக் கேட்கவா வேண்டும்!

அதே ஏலத்தில் பஞ்சாப் அணி ஹர்ஷல் படேலை 11.75 கோடிக்கு எடுத்தது. சீசன் முடிவில் ஹர்ஷல் 24 விக்கெட் எடுத்து, அதிக விக்கெட்டுக்கான ஊதா தொப்பியை வென்றார். ஸ்டார்க் 17 விக்கெட். வகுத்துப் பாருங்கள். ஹர்ஷலின் ஒரு விக்கெட் ஏறக்குறைய 49 லட்சம். ஸ்டார்க்கின் ஒரு விக்கெட் ஏறக்குறைய 1 கோடியே 46 லட்சம். மூன்று மடங்கு!

ஆனால் பஞ்சாப் ஒன்பதாவது இடம், கொல்கத்தா சாம்பியன். அகமதாபாத்தில் நடந்த முதல் தகுதிச் சுற்றில் ஸ்டார்க் முதல் ஓவரிலேயே டிராவிஸ் ஹெட்டை ரன் எடுக்க விடாமல் போல்டாக்கினார். அந்த ஆட்டத்தில் 3 விக்கெட். சென்னையில் மே 26 அன்று நடந்த இறுதிப் போட்டியில் 3 ஓவரில் 14 ரன் கொடுத்து 2 விக்கெட். ஹைதராபாத் 113 ரன்னில் சுருண்டது. இரண்டு ஆட்டங்களிலும் ஆட்ட நாயகன் ஸ்டார்க்தான்.

யூனிட் விலை பார்ப்பது நல்ல பழக்கம்தான். சிமெண்ட் மூட்டைக்கு அது சரியாக வரும், ஏனென்றால் எல்லா மூட்டையும் ஒரே மாதிரி. விக்கெட் அப்படி அல்ல. ஏற்கெனவே தோற்ற ஆட்டத்தின் கடைசி ஓவரில் விழும் விக்கெட்டும், தகுதிச் சுற்றின் முதல் ஓவரில் விழும் விக்கெட்டும் புள்ளிவிவரத்தில் சமம், மதிப்பில் சமமல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோப்பை வந்துவிட்டது என்பதற்காக எல்லாப் பெருமையையும் ஸ்டார்க் பெயரில் வரவு வைப்பதும் தவறு. அதே அணியில் வருண் சக்கரவர்த்தி 21 விக்கெட் எடுத்தார். சுனில் நரைன் மட்டையிலும் பந்திலும் அடித்து நொறுக்கினார். அதேபோல் பஞ்சாப் ஒன்பதாவது இடத்தில் முடிந்ததற்கு ஹர்ஷல் பொறுப்பல்ல. கூட்டு வியாபாரத்தின் லாபத்தையோ நஷ்டத்தையோ ஒரே பங்குதாரர் கணக்கில் எழுதுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம்.

கேள்வி 3: எதைக் கொடுத்தோம், யாரிடம் கொடுத்தோம்?

வாங்கியதை எல்லோரும் எழுதுவார்கள். விட்டதை எழுத மறந்து போவார்கள். இதற்கு 2020ஐ விடச் சிறந்த பாடம் கிடையாது.

2019 நவம்பரில், பரிமாற்றக் கெடு முடியும் தறுவாயில், டெல்லி கேபிட்டல்ஸ் இரண்டு காரியங்கள் செய்தது. பஞ்சாபிடமிருந்து நம் அஸ்வினைப் பெற்றது. தன்னிடம் இருந்த நியூசிலாந்து வேகப் பந்து வீச்சாளர் டிரெண்ட் போல்ட்டை மும்பை இந்தியன்ஸுக்குக் கொடுத்தது. அப்போது இரண்டுமே நியாயமான முடிவுகளாகவே தெரிந்தன. ஒரு நேரத்தில் களத்தில் இறங்கக் கூடிய வெளிநாட்டு வீரர்கள் நால்வர்தான். டெல்லியிடம் ஏற்கெனவே ரபாடா இருந்தார். சுழலுக்கு அஸ்வின் வந்தால் பலம். இந்த மூன்று வாக்கியங்களிலும் தவறு ஏதும் இல்லை.

பிறகு கொரோனா வந்தது. போட்டி அமீரகத்துக்கு மாறியது. மும்பைக்காகப் போல்ட் 25 விக்கெட் எடுத்தார். நவம்பர் 10, துபாய் மைதானம், இறுதிப் போட்டி. எதிரணி டெல்லி! ஆட்டத்தின் முதல் பந்திலேயே ஸ்டாய்னிஸ் அவுட். பந்து வீசியவர் போல்ட். 30 ரன்னுக்கு 3 விக்கெட், ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. மும்பை 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

"டெல்லிக்காரர்கள் தங்கள் கத்தியைத் தாங்களே தீட்டி எதிரியிடம் கொடுத்தார்கள்" என்று அப்போது எல்லோரும் சிரித்தோம். ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். அதே சீசனில் டெல்லியின் ரபாடா 30 விக்கெட் எடுத்து முதலிடம் பிடித்தார். நார்க்யா 22 விக்கெட். அஸ்வின் 13 விக்கெட். டெல்லி தன் வரலாற்றிலேயே முதல் முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தது. ஆக, டெல்லிக்கு வேகப் பந்து வீச்சில் பற்றாக்குறை வரவில்லை. தனக்குத் தேவையில்லாததைக் கொடுத்தது தவறல்ல. கோப்பைக்குத் தன்னோடு நேரடியாக மோதக் கூடிய, முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற அணியிடம் கொடுத்தோமே என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பழைய லாரியை விற்பது சரி. அதே ரூட்டில் போட்டியாக ஓட்டுகிறவருக்கு விற்கிறோமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கேள்வி 4: எந்தத் தேதியில் கணக்கை மூடுகிறோம்?

எங்கள் தொழிலில் டிசம்பர் 31 அல்லது மார்ச் 31 என்று ஒரு தேதி இருக்கும். மெஷினுக்கு அந்தத் தேதி தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

2023 நவம்பரில் மும்பை அணி, குஜராத் டைட்டன்ஸ் அணியிடமிருந்து ஹர்திக் பாண்டியாவைப் பரிமாற்றத்தில் பெற்றது. சம்பளம் 15 கோடி. பர்ஸில் இடம் வேண்டும் என்பதற்காகத் தன்னிடம் இருந்த கேமரூன் கிரீனை 17.5 கோடிக்குப் பெங்களூருக்குக் கொடுத்தது. குஜராத்தை 2022இல் சாம்பியனாகவும், 2023இல் இறுதிப் போட்டி வரையும் கொண்டு போன கேப்டன் ஹர்திக். மும்பை அவரையே கேப்டனும் ஆக்கியது. ரோகித் சர்மாவின் ரசிகர்கள் கொதித்தார்கள். மைதானத்துக்கு மைதானம் ஹர்திக்குக் கூச்சல்தான் வரவேற்பு. 2024 சீசன் முடிவில் மும்பை பத்தாவது, அதாவது கடைசி இடம்.

அந்தத் தேதியில் கணக்கை மூடினால் படுதோல்வி. ஆனால் மும்பை மூடவில்லை. அடுத்த சீசனுக்கும் அவரை 16.35 கோடிக்குத் தக்க வைத்தது. 2025இல் மும்பை நான்காவதாக வந்து, வெளியேற்றும் சுற்றில் தோற்கடித்தது யாரை? அதே குஜராத்தை! பிறகு இரண்டாம் தகுதிச் சுற்றில் பஞ்சாபிடம் தோற்றது. அதற்காக இது வெற்றி என்று தீர்ப்பு எழுதவும் அவசரம் வேண்டாம். கோப்பை வரவில்லையே. முதல் வருடம் எழுதிய 'படுதோல்வி' என்ற சொல் மட்டும் அவசரப்பட்ட சொல் என்பது தெளிவு. இன்னொன்று: இப்படிப்பட்ட பரிமாற்றத்தில் அணிகளுக்கிடையே கைமாறும் தொகை வெளியிடப்படுவதில்லை. வவுச்சர் பார்க்காமல் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட நமக்கு என்ன அவசியம்?

நீண்ட காலக் கணக்குக்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்தவர். 2018 டிசம்பர் ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சத்தில் தொடங்கி 8.4 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. 2019இல் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். முதல் ஓவரிலேயே 25 ரன் போனது, பிறகு காயம். பஞ்சாப் அவரை விடுவித்தது. கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020இல் அமீரகத்தில் 17 விக்கெட், அதில் அபுதாபியில் டெல்லிக்கு எதிராக 20 ரன்னுக்கு 5 விக்கெட். 2025 சீசனுக்கு அவரைத் தக்க வைக்கக் கொல்கத்தா கொடுத்தது 12 கோடி. பஞ்சாப் ஆளைக் கண்டுபிடித்ததில் தவறவில்லை. காத்திருப்பதில்தான் தவறியது. விதை வாங்கியவர் ஒருவர், அறுவடை செய்தவர் இன்னொருவர்.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐஸ் ஹாக்கி லீக்கில் சீசன் நடுவிலேயே ஒரு கெடு தேதி உண்டு. அன்று நடக்கும் பரிமாற்றங்களைப் பற்றி அவர்களும் ஆண்டுக்கணக்கில் சண்டை போடுவார்கள். 1980 மார்ச் மாதம் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி பட்ச் கோரிங் என்பவரை இப்படிப் பெற்றது. அந்த ஆண்டிலிருந்து 1983 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பை. 2013இல் வாஷிங்டன் அணி, உடனடி பலம் வேண்டும் என்று மார்ட்டின் எராட் என்ற அனுபவசாலியை வாங்கி, பதிலுக்கு பிலிப் ஃபோர்ஸ்பெர்க் என்ற 18 வயது இளைஞரை நாஷ்வில் அணிக்குக் கொடுத்தது. எராட் ஒரு வருடம்கூட வாஷிங்டனில் நிலைக்கவில்லை. ஃபோர்ஸ்பெர்க், நாஷ்வில் அணிக்காக அதிக கோல் அடித்தவர் என்ற பெயர் எடுத்தார். வாஷிங்டனின் நஷ்டம் எவ்வளவு என்று முழுதாகத் தெரியவே பல ஆண்டுகள் பிடித்தன.

கேள்வி 5: முடிவு நல்லதா, அதிர்ஷ்டம் நல்லதா?

துபாய் ஏலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஷஷாங்க் சிங் என்ற பெயர் வந்தது. பஞ்சாப் 20 லட்சத்துக்குக் கை தூக்கியது, சுத்தியல் விழுந்தது. உடனே பஞ்சாப் மேசையில் ஒரே குழப்பம். வேறு ஆள் என்று நினைத்துவிட்டார்களோ என்று பேச்சு கிளம்பியது. ஒரே பெயரில் இருவர் பட்டியலில் இருந்ததால் வந்த குழப்பம், சரியான ஆளே எங்களுக்குக் கிடைத்திருக்கிறார் என்று அணி பிறகு விளக்கம் கொடுத்தது. அந்த ஷஷாங்க் 2024இல் 354 ரன் குவித்தார். குஜராத்துக்கு எதிராக 29 பந்துகளில் 61 ரன் எடுத்து, தோற்க வேண்டிய ஆட்டத்தை வென்று கொடுத்தார். 2025 சீசனுக்கு அவர் விலை 5.5 கோடி. பெங்களூருக்கு எதிரான அந்த ஆண்டு இறுதிப் போட்டியிலும் ஆட்டமிழக்காமல் 61 ரன்.

வாங்கியது பெரிய வெற்றி என்பதில் சந்தேகமில்லை. அந்த வெற்றியில் யோசனையின் பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? லாட்டரி அடித்தவரை நல்ல முதலீட்டாளர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஷஷாங்கின் உழைப்பு வேறு, பஞ்சாப் மேசையின் புத்திசாலித்தனம் வேறு. இரண்டையும் தனித்தனிக் கணக்கில் எழுத வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் சென்னையிலேயே உண்டு. 2021 ஏலத்தில் கிருஷ்ணப்பா கௌதமைச் சென்னை அணி 9.25 கோடிக்கு எடுத்தது. 85 கோடி பர்ஸில் சுமார் 11 சதவீதம். அந்த சீசன் முழுவதும் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் அணி சாம்பியன். கோப்பை வந்துவிட்டதால் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காப்பீடு எடுத்தது போல என்று வாதாடலாம், விபத்து நடக்கவில்லை என்பதற்காகப் பிரீமியம் வீண் அல்ல. அது சரி. ஆனால் சுழலும் போடுவார், மட்டையும் பிடிப்பார் என்ற வகையில் ஜடேஜா ஏற்கெனவே இருக்கிறார். அதே ஏலத்தில் மொயீன் அலியை 7 கோடிக்கு வாங்கியாயிற்று. மூன்றாவதாக அதே வகையில் 9.25 கோடிக்கு ஒரு காப்பீடு தேவையா? கோப்பை வந்தாலும் இந்தக் கேள்வி கேள்வியாகத்தான் இருக்கிறது. நல்ல வருடத்தில் கெட்ட செலவுகள் ஒளிந்து கொள்ளும். எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

விலைச் சீட்டும் மனிதனும்

இந்த ஐந்து கேள்விகளோடு ஒரு நியாயத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஏலத்தில் விலையை வீரர் நிர்ணயிப்பதில்லை. அவர் அடிப்படை விலையை மட்டும்தான் எழுதிக் கொடுக்கிறார். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் இரண்டு முதலாளிகளின் போட்டி. ஸ்டார்க்கின் விலை 24.75 கோடிக்குப் போனது குஜராத் விடாமல் துரத்தியதால்தான்.

வெங்கடேஷ் ஐயரைப் பாருங்கள். 2021இல் அவர் விலை 20 லட்சம். அந்த ஆண்டு அமீரகத்தில் 10 ஆட்டங்களில் 370 ரன் எடுத்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். பிறகு 8 கோடி. 2024 இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 52. ஜித்தாவில் பெங்களூருடன் நடந்த போட்டியில் கொல்கத்தா அவரை 23.75 கோடிக்கு எடுத்தது. 2025இல் 11 ஆட்டங்களில் 142 ரன். கொல்கத்தா விடுவித்தது. அபுதாபி ஏலத்தில் பெங்களூர் அவரை 7 கோடிக்கு எடுத்தது. 20 லட்சம், 8 கோடி, 23.75 கோடி, 7 கோடி. ஆள் ஒருவர்தான். அவர் கேட்காத விலைக்கு அவரைத் திட்டுவது என்ன நியாயம்? முடிவு தவறு என்றால் கை தூக்கியவரைக் கேளுங்கள்.

அபுதாபியில் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தபோது இன்னொரு விநோதமும் தெரிந்தது. சிறு ஏலத்தில் வெளிநாட்டு வீரருக்கு உச்சவரம்பு வந்துவிட்டதால் அவர் கைக்குப் போவது 18 கோடிதான். மீதி 7.20 கோடி வீரர் நலனுக்காகக் கிரிக்கெட் வாரியத்துக்குப் போகும். ஆனால் கொல்கத்தாவின் பர்ஸில் கழிவது முழு 25.20 கோடி. ஆக, வீரருக்கு ஒரு விலை, அணிக்கு ஒரு விலை. எந்த விலையை வைத்து அவரை எடை போடப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

சஞ்சுவும் ஜடேஜாவும்

நம் நேயர்கள் அதிகம் வாதிட்ட பரிமாற்றத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்டது. சஞ்சு சாம்சன் 18 கோடிக்குச் சென்னைக்கு வந்தார். ரவீந்திர ஜடேஜா, 18 கோடியாக இருந்த சம்பளம் 14 கோடியாகக் குறைந்து, ராஜஸ்தானுக்குப் போனார். கூடவே சாம் கரன் 2.4 கோடிக்கு. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஜடேஜாவை விடுவதா என்று பலருக்கு நெஞ்சு கனத்தது உண்மை.

நம் ஐந்து கேள்விகளை வைத்துப் பாருங்கள். தேவை: 2025இல் சென்னை முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. அப்போது 44 வயதான தோனிக்குப் பிறகு விக்கெட் கீப்பர் யார் என்பதற்குப் பதில் வேண்டும். மேல் வரிசைக்கு ஒரு மட்டையாளர் வேண்டும். விலை: 18 கோடிக்கு வருபவர் ஒருவர், 16.4 கோடிக்குப் போகிறவர்கள் இருவர். விட்டது: பந்து, மட்டை, பீல்டிங் மூன்றும் தெரிந்த ஒருவர், கூடவே இன்னொரு ஆல்ரவுண்டர். காலம்: அன்றைய தேதியில் சஞ்சுவுக்கு 31 வயது, ஜடேஜாவுக்கு 37 நெருங்கிக் கொண்டிருந்தது, கரனுக்கு 27. இயந்திரக் கணக்கில் 'மீதமுள்ள பயன்பாட்டுக் காலம்' என்று ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியில் சென்னைக்குச் சஞ்சுவால் லாபம், ராஜஸ்தானுக்குக் கரனால் லாபம். அதிர்ஷ்டம்: காயமும் ஃபார்மும் யார் கையிலும் இல்லை.

இப்படி எழுதிப் பார்த்தால், ஏதோ ஒரு சீசனின் புள்ளிப் பட்டியலை மட்டும் காட்டி 'ஜெயித்தது யார்' என்று கேட்பது எவ்வளவு சின்னக் கேள்வி என்பது புரியும். இரண்டு அணிக்கும் லாபமாக முடியும் பரிமாற்றமும் உண்டு. சந்தையில் நெல் விற்றவரும் வாங்கியவரும் சிரித்துக் கொண்டே வீட்டுக்குப் போவதில்லையா?

உங்களுக்கு ஒரு வேலை

அடுத்த ஏலமோ, பரிமாற்றக் கெடுவோ வரும்போது ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எந்த முடிவு சரி, ஏன் சரி? எது தவறு, ஏன் தவறு? எத்தனை சீசன் கழித்துப் பார்ப்பது? 'ஏன்' என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். அப்புறம் அந்தத் தேதி வரும்போது எடுத்துப் பாருங்கள். காரணமும் முடிவும் இரண்டுமே சரியாக இருந்ததா, காரணம் தவறாகி முடிவு மட்டும் தப்பித்ததா என்று தெரிந்துவிடும். 'நான்தான் அன்றைக்கே சொன்னேனே' என்பதற்கு ஆதாரமும் கையில் இருக்கும்!

இந்தக் கணக்கு விளையாட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. வளைகுடாவில் இருக்கும் நம்மில் பலர் வேலை மாறியவர்கள், அல்லது மாறலாமா என்று யோசிப்பவர்கள். சம்பளம் 500 திர்ஹம் கூடுகிறது என்று போனவர், அந்தக் கம்பெனி இரண்டு வருடத்தில் மூடிவிட்டால், "புத்தி கெட்டுப் போனேன்" என்று தன்னையே நொந்து கொள்வார். ஊரில் உள்ளவர்களும் அப்படியே சொல்வார்கள். அவரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் தேவைக்காகப் போனார்? விட்டுப் போனது என்ன? அன்றைக்கு அவருக்கு என்ன தெரியும்? விசாரித்துவிட்டு, குடும்பத்தோடு பேசிவிட்டு, சேமிப்பில் கொஞ்சம் வைத்துவிட்டுப் போயிருந்தால் அது நல்ல முடிவுதான். முடிவுக்குப் பின்னால் வந்தது கெட்ட காலம். விசாரிக்காமல் போய்த் தற்செயலாக நன்றாக இருப்பவர், அதைத் திறமை என்று நினைத்து அடுத்த முறையும் விசாரிக்காமல் போனால், அங்கேதான் ஆபத்து.

முடிவெடுத்த மனிதரை, அவர் முடிவெடுத்த நாளின் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹர்திக்காக இருந்தாலும் சரி, பக்கத்து அறை நண்பராக இருந்தாலும் சரி, அவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நியாயம் இது.

உங்கள் அணி எது, அது எடுத்த முடிவுகளில் எதை வரவில் வைப்பீர்கள், எதைப் பற்றில் எழுதுவீர்கள் என்று காரணத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். நல்ல கடிதங்களை நிகழ்ச்சியில் வாசிப்போம். அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.